தடையா, தட்டா, கேன்டீனா, பலகையா? பள்ளி உணவு விதிகளில் எதை முதலில் எடுப்பது

கடலூர் மஞ்சக்குப்பமோ, புதுச்சேரி முத்தியால்பேட்டையோ, கல்வியாண்டின் முதல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சாப்பாட்டுப் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கும்: கேட்டுக்கு எதிரே இருக்கும் கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள். "முதல்ல அதை எடுக்கச் சொல்லுங்க சார்" என்பார் ஒரு பெற்றோர். எல்லோரும் தலையாட்டுவார்கள். தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிடும். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் சரம் அதே ஆணியில் தொங்கும்.

குழுவின் முன்னால் உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, விற்பனையைத் தடுப்பது. இரண்டு, பள்ளி கொடுக்கும் சாப்பாட்டைச் சீராக்குவது. மூன்று, கேன்டீன் ஒப்பந்தத்தை மாற்றி எழுதுவது. நான்கு, பலகை வைத்தும் பாடம் நடத்தியும் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது. ஒரே ஆண்டில் நான்கையும் உருப்படியாகச் செய்து முடிக்க எந்தப் பள்ளியிலும் ஆளும் இல்லை, பணமும் இல்லை. எனவே வரிசை முக்கியம். எங்கள் வரிசை இது: தட்டும் பதினொரு மணிப் பசியும் முதலில், கேன்டீன் ஒப்பந்தம் அடுத்து, தடை அதற்குப் பிறகு, பலகை கடைசியில். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

விதி போட்டால் பிள்ளைகள் மாறுவார்களா?

மாறுகிறார்கள், கொஞ்சம். அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, நியூசிலாந்து நாடுகளில் செய்த 91 முயற்சிகளைத் தொகுத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. பள்ளிக்குள் விற்கும் தின்பண்டங்களுக்கு விதி போட்ட இடங்களில், சர்க்கரைப் பானம் குடிப்பது ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 0.18 பங்கு (ஒரு பங்கு என்பது ஒருமுறை எடுத்துக்கொள்ளும் அளவு) குறைந்தது, நொறுக்குத் தீனி 0.17 பங்கு குறைந்தது. பள்ளிச் சாப்பாட்டுக்கே தரம் நிர்ணயித்த இடங்களில் பழம் சாப்பிடுவது 0.76 பங்கு கூடியது, உப்பிலுள்ள சோடியம் நாளுக்கு 170 மில்லிகிராம் இறங்கியது. ஆனால் உடல் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

0.18 பங்கு என்றால் ஒரு பிள்ளை ஐந்தாறு நாளுக்கு ஒரு பாட்டிலை விட்டுவிடுகிறது என்று அர்த்தம். அற்பமாகத் தோன்றும். 200 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்குக் கணக்குப் போட்டால் அது நாளுக்கு 36 பாட்டில். குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை. 200 மில்லி பாட்டில் என்று வைத்துக்கொண்டால் 36 பாட்டிலில் ஏறத்தாழ முக்கால் கிலோ சர்க்கரை, ஒவ்வொரு பள்ளி நாளும். அதே சமயம், ஆறு மாதத்தில் பிள்ளைகளின் எடை இறங்கும் என்று நம்பி விதி போடும் குழு ஏமாந்துபோய் எல்லாவற்றையும் கைவிட்டுவிடும். எடை பார்க்கும் மெஷினை இந்த வேலைக்கு அளவுகோலாக வைக்காதீர்கள்.

நம் பக்கத்து ஆதாரம் வேறு விதமானது, இன்னும் கனமானது. மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களுக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைந்திருப்பதை இந்தியத் தரவுகளை வைத்து 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட சத்துணவு போன்ற திட்டங்களின் பலன் ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. மேலை நாடுகளின் பள்ளிகளுக்குத் தலைவலி அதிகச் சர்க்கரையும் கொழுப்பும். இங்கே ஒரே வகுப்பறையில் இரத்தசோகையும் இருக்கிறது, உடல் பருமனும் இருக்கிறது. தடை பருமனைத்தான் தொடும். தட்டு இரண்டையும் தொடும். எங்கள் வரிசைக்கு இதுதான் முதல் காரணம்.

தடை: எங்கே பலித்தது, எங்கே பலிக்காது

2024 பிப்ரவரியில் புதுச்சேரி பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. அடுத்த சில நாளில் தமிழ்நாடும் தடை விதித்தது. மாதிரிகளில் ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் கிடைத்ததுதான் காரணம். அந்தத் தடை வேலை செய்ததற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு: உணவில் ரோடமைன்-பி கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. ஆய்வகம் 'இருக்கிறது', 'இல்லை' என்று ஒரு சொல்லில் பதில் தரும். விற்பவருக்கும் எது குற்றம் என்பதில் சந்தேகமே வராது.

பள்ளி உணவு விதி அப்படி இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் அறிவித்து, 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒழுங்குமுறை சொல்வது: நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, சோடியம் ஆகியவை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனிலும் விடுதிச் சமையலறையிலும், பள்ளி கேட்டிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது, இதைச் சொல்லும் பலகை கேட்டில் இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் 'மிகுந்த' என்றால் 100 கிராமுக்கு எத்தனை கிராம் என்று அதில் எண் கிடையாது. பலகையைக் காட்டிப் பேசப்போகும் ஆசிரியரிடம் கடைக்காரர், "எது சார் அதிகம்? பிஸ்கட்டா, முறுக்கா, கடலை மிட்டாயா?" என்று கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்காது.

தூரமும் ஒரு சிக்கல். 50 மீட்டர் என்பது பெரியவர் நடையில் 65 முதல் 70 அடிவைப்பு. இரண்டு கேட் உள்ள பள்ளி இரண்டிலிருந்தும் அளக்க வேண்டும். அளந்து பாருங்கள்: பல பள்ளிகளுக்கு அது நான்கைந்து கடைகளைத் தாண்டாது. பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிறுத்தம் அந்த வட்டத்துக்கு வெளியேதான் இருக்கும். திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறும் பிள்ளைக்கு மாலை நாலரை மணிக்கு எந்தத் தடையும் இல்லை. சிகரெட்டுக்குப் பள்ளியைச் சுற்றி 100 கஜம் என்று 2003லேயே சட்டம் வந்தது. அந்த எல்லைக்குள்ளேயே அது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதைத் தெருவில் நடந்தாலே பார்த்துவிடலாம்.

தள்ளுவண்டியை அப்புறப்படுத்துவது குழுவின் அதிகாரத்தில் இல்லை. சாலையோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இடம் ஒதுக்குவதும் மாற்றுவதும் உள்ளாட்சியின் வியாபாரக் குழு செய்யும் வேலை. ஆகவே வண்டியை நகர்த்தப் பார்ப்பதைவிட வண்டியில் இருப்பதை மாற்றச் சொல்வது எளிது. அவித்த மல்லாட்டை (நிலக்கடலை), கொய்யா, நெல்லிக்காய், வாழைப்பழம், தை மாதத்தில் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும், பள்ளி திறந்த புதிதில் பண்ருட்டிப் பலாச்சுளை. கேட்டுக்கு அருகில் நிழலான இடம் இந்தப் பண்டங்களுக்கு மட்டும் என்று பேசிக்கொண்டால் பெரும்பாலான வியாபாரிகள் ஒத்துக்கொள்வார்கள். ஒரு எச்சரிக்கை: நறுக்கிய பழம் வேண்டாம். கடலோர வெயிலில் நறுக்கி வைத்த மாங்காய்க்கும் வெள்ளரிக்கும் மேலே தெளிக்கும் தண்ணீரும் ஈயும்தான் ஆபத்து. பலாச்சுளை தவிர மற்றதை முழுப் பழமாக விற்கட்டும்.

தடையைப் பயன்படுத்த வேண்டிய இடங்கள் நான்கு. கண்ணாலோ ரசீதாலோ ஆய்வகத்தாலோ சரிபார்க்க முடிந்தவை: செயற்கை நிறம் அடர்ந்த மிட்டாய், ஐஸ்; செய்தித்தாளில் சுற்றித் தரும் வடை, போண்டா; கருத்த எண்ணெய்; லேபிளில் தயாரித்த தேதி இல்லாத பாக்கெட். இவற்றுக்கு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். கடையின் பெயர், கேட்டிலிருந்து தூரம், பண்டத்தின் பெயர், பார்த்த தேதி நான்கும் இருக்கட்டும். தனித் தண்டனை குறிப்பிடாத மீறல்களுக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் தருகிறது. பொத்தாம் பொதுவாக "ஜங்க் ஃபுட் விற்கிறார்கள்" என்று எழுதிய மனுவை வைத்துக்கொண்டு எந்த அலுவலரும் ஒன்றும் செய்ய முடியாது.

சிலி நாட்டை இங்கே உதாரணம் காட்டுவார்கள். 2016 ஜூனில் அங்கே பாக்கெட் மீது கறுப்பு எண்கோண முத்திரை, பிள்ளைகளுக்கான விளம்பரத் தடை, பள்ளி விற்பனைத் தடை மூன்றும் சேர்ந்து வந்தன. முத்திரை விழும் தகுதியுள்ள பானங்களை வீடுகள் வாங்குவது ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. மூன்றும் ஒன்றாக வந்ததால் கிடைத்த பலன் அது. ஒரு பள்ளி தன் கேட்டில் மட்டும் பலகை வைத்து அதே பலனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் சிலியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு, எண்கள். கேன்டீன் பகுதியில் அது வருகிறது.

தட்டு: கிராமில் பேசுவோம்

மதிய உணவுக்கு நாடு முழுக்க உள்ள குறைந்தபட்ச அளவு, ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு: அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: 150, 30, 75, 7.5. முதல் கூட்டத்துக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், இரண்டாவதற்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இலக்கு.

200 பிள்ளைகளின் தொடக்கப் பள்ளிக்கு இதைப் பெருக்கினால் நாளுக்கு அரிசி 20 கிலோ, பருப்பு 4 கிலோ, காய்கறி 10 கிலோ, எண்ணெய் 1 கிலோ, அதாவது சுமார் 1.1 லிட்டர். குழு உறுப்பினர் ஒருவர் மாதம் இரண்டு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், காலை பத்து மணிக்குச் சமையலறைக்குப் போய் இந்த நான்கு எண்ணை மட்டும் தராசில் பார்த்தால் போதும். 10 கிலோ காய்கறி என்பது இரண்டு பெரிய கூடை. அங்கே 3 கிலோ உருளைக்கிழங்கும் அரை கிலோ கேரட்டும் இருந்தால் எங்கே இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இடிப்பது பெரும்பாலும் பணத்தில்தான். 2025 மே முதல் பொருள் செலவுக்கு நிர்ணயித்த தொகை தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 6.78 ரூபாய், அடுத்த நிலைக்கு 10.17 ரூபாய். பருப்பு கிலோ 130 என்றால் 20 கிராமுக்கு 2.60. காய் கிலோ 40 என்றால் 50 கிராமுக்கு 2 ரூபாய். எண்ணெய்க்கு 80 பைசா. 5.40 இங்கேயே போய்விட்டது. மிச்சத்தில் மிளகாய், புளி, உப்பு, அடுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் விலை இரட்டித்தால் சாம்பாரில் காய் காணாமல் போவதற்குச் சமையலர் பொறுப்பல்ல. தமிழ்நாடு முட்டை உட்பட இதற்கு மேலும் செலவழிப்பதால்தான் இங்கே தட்டு நிமிர்ந்து நிற்கிறது. 100 கிராம் அரிசியில் 7 கிராம் புரதம், 20 கிராம் பருப்பில் 4 கிராமுக்குச் சற்று மேல். முட்டை இன்னும் 6 கிராம் சேர்க்கிறது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறோம். அதில் புரதம் ஒரு கிராம்தான். அந்தப் பிள்ளைகளுக்குச் சுண்டலை ஒரு கரண்டி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.

சமையலறையில் தவறுபவை வழக்கமாக இவைதான்.

கீரை போட்ட நாளில் தட்டில் மிச்சம் அதிகம். காரணம் சுவை மட்டும் இல்லை. தண்டு நீளமாக இருந்தால் சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும். பருப்போடு கடைந்து கொடுத்தால் மிச்சம் குறையும். பொரியலாகத் தந்தால் ஒதுக்கும் முருங்கைக்கீரையைச் சாதத்தில் கலந்து தந்தால் சாப்பிடும்.

உப்பைக் கையால் அள்ளிப் போடுவது. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பிள்ளைக்கு அதிலும் குறைவு. ஒரு வேளைக்கு ஒன்றரை கிராம் என்று வைத்தால் 200 பேருக்கு 300 கிராம். இப்போது எவ்வளவு போகிறது என்று ஒரு வாரம் எடைபோட்டுப் பாருங்கள். அதிகமாக இருந்தால் ஒரேயடியாகக் குறைக்காதீர்கள், சோறு முழுக்கத் தொட்டிக்குப் போகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு குறைத்தால் நாக்கு கண்டுபிடிக்காது.

புதுச்சேரியில் சாப்பாடு மையச் சமையற்கூடங்களிலிருந்து வண்டியில் வருகிறது. அங்கே பள்ளியால் சமையலை மாற்ற முடியாது. ஆனால் வந்து சேரும் நேரத்தையும் சூட்டையும் எழுதி வைக்க முடியும். பரிமாறும்போது 60 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் அது பாதுகாப்புப் பிரச்சினை. கிச்சடி மாதிரியான பண்டம் வழியில் இறுகிவிடும். ரவைக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் வைத்துத் தளர்வாகக் கிளறினால்தான் பரிமாறும் நேரத்துக்குப் பதமாக இருக்கும். தட்டில் கட்டியாக விழும் கிச்சடியைப் பிள்ளை தொடாது, கேட்டுக்கு ஓடும்.

சல்லிக்காசு செலவில்லாத ஒரு மாற்றமும் இருக்கிறது: விளையாட்டு முன்னால், சாப்பாடு பின்னால். அமெரிக்காவின் யூட்டாவில் சில தொடக்கப் பள்ளிகள் இப்படி மாற்றியபோது பழமும் காயும் சாப்பிடுவது 54 சதவீதம் கூடியது. விளையாட ஓடும் அவசரத்தில் பிள்ளைகள் தட்டைப் பாதியில் கொட்டுவது அப்போது நின்றுவிடுகிறது. நம் ஊர் வெயிலில் பன்னிரண்டரை மணிக்கு மைதானம் ஆகாது. மரத்தடியிலோ வராந்தாவிலோ இருபது நிமிடம், பிறகு கை கழுவல், பிறகு சாப்பாடு.

பதினொரு மணிப் பசி

இந்தக் கட்டுரையில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கு மாறும் பிள்ளை, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு கிளம்பும் பிள்ளை, பத்தே முக்கால் இடைவேளையில் கையிலிருக்கும் ஐந்து ரூபாய்க்கு என்ன வாங்கும்? புதுச்சேரியில் 2002லேயே காலையில் பால் கொடுக்கும் திட்டம் வந்தது. பால் நல்லதுதான், ஆனால் ஒரு தம்ளர் பால் பதின்மூன்று வயதுப் பையனின் பசியை மதியம் வரை தாங்காது.

அந்தப் பசிதான் பாக்கெட் வியாபாரத்தின் மூலதனம். பசியை அடைக்காமல் கடையை அடைத்தால் பிள்ளை இன்னொரு கடையைத் தேடும். வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிற மாவட்டம் இது. முதலில் பசிக்குச் சோறு, பிறகுதான் மற்றதெல்லாம் என்ற வரிசை இங்கே யாருக்கும் புதிதல்ல.

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை 300 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு நாள் இடைவேளையில் சுண்டல். ஒரு பிள்ளைக்குக் காய்ந்த கொண்டைக்கடலை 25 கிராம். வெந்தால் 55 கிராமுக்குக் குறையாது, புரதம் 5 கிராம். மொத்தம் 7.5 கிலோ. கிலோ 100 ரூபாய் என்றால் 750. தேங்காய், தாளிப்பு, எரிவாயு 250. சமைப்பவருக்குக் கூலி 300. ஆக 1,300 ரூபாய், தலைக்கு 4.33. ஆண்டுக்கு 80 நாள் என்றால் 1,04,000 ரூபாய். பெற்றோர் ஆசிரியர் கழகத்தாலும் முன்னாள் மாணவர்களாலும் எட்டக்கூடிய தொகைதான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியாகவும் நன்கொடை கேட்கலாம். கூலியை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே வேலை குவிந்திருக்கும் சத்துணவு ஊழியர் தலையில் இதையும் கட்டினால் இரண்டு மாதத்தில் நின்றுவிடும். மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுங்கள்.

சுண்டல் கெடும் விதம் தெரிந்திருக்க வேண்டும். கடலூர் வெக்கையில் ராத்திரி முழுக்க ஊறும் கடலை விடிவதற்குள் நுரைத்துப் புளித்த வாடை அடிக்கும். படுக்கப் போகுமுன் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், அல்லது கொதிநீர் ஊற்றி மூடிவைத்து அதிகாலையில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் ஊறவிடுங்கள். ஏழு மணிக்குத் தாளித்துத் தேங்காய் போட்டால் பதினொன்றுக்குள் ஊசிவிடும். தேங்காயைப் பரிமாறும்போது தூவுங்கள். ஒரு நாளுக்கு மல்லாட்டை வைப்பதானால் சுருங்கிய, கறுத்த, பூசண வாடை உள்ள பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். ஈரத்தில் கிடந்த மல்லாட்டையில் வளரும் பூஞ்சணத்தின் நஞ்சு அவித்தாலும் போகாது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டு எழுதி வைப்பதும் அவசியம்.

கேன்டீன்: ஏலத்தில் ஒளிந்திருக்கும் சிப்ஸ்

தனியார் பள்ளிகளிலும் பெரிய மேல்நிலைப் பள்ளிகளிலும் கேன்டீனை அதிக வாடகை கேட்பவருக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கெடுதல் அங்கேயே தொடங்குகிறது. மாதம் 10,000 வாடகை, 22 வேலை நாள் என்றால் கதவைத் திறக்கவே நாளுக்கு 455 ரூபாய். பத்து ரூபாய் பாக்கெட்டில் ஒரு ரூபாய் நிற்கும் என்று கொண்டால் 455 பாக்கெட் விற்க வேண்டும். பத்து ரூபாய் சுண்டலில் நாலரை நிற்கும் என்றால் ஏறத்தாழ 100 கப் போதும். அப்படியானால் ஏன் எல்லோரும் பாக்கெட்டையே வைக்கிறார்கள்? விற்காத பாக்கெட் ஆறு மாதம் அலமாரியில் இருக்கும். விற்காத சுண்டல் சாயங்காலம் குப்பை. அந்தப் பயத்தைக் குறைப்பதுதான் நல்ல ஒப்பந்தத்தின் வேலை.

எனவே வாடகையைக் குறைத்து அல்லது ரத்து செய்து, பதிலுக்குப் பண்டப் பட்டியலைக் கேளுங்கள். முந்திய நாளே வகுப்புவாரியாக எத்தனை பேருக்கு என்று டோக்கன் எடுத்துக் கொடுத்தால் மிச்சம் பத்துக்கு ஒன்றாகக்கூட இருக்காது.

பாக்கெட் பண்டத்துக்கு எண் வேண்டும். நம் விதியில் எண் இல்லாததால் சிலியின் எண்களை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்; தடை ஒன்றுமில்லை. திடப் பண்டத்தில் 100 கிராமுக்கு சர்க்கரை 10 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம், சோடியம் 400 மில்லிகிராம், 275 கலோரி. பானத்தில் 100 மில்லிக்குச் சர்க்கரை 5 கிராம், சோடியம் 100 மில்லிகிராம், 70 கலோரி. சர்க்கரையோ உப்போ கொழுப்போ சேர்த்த பண்டத்துக்குத்தான் இந்த வரம்பு. வெறும் பாலும் வறுத்த கடலையும் இதில் வராது. இந்திய லேபிளில் 100 கிராமுக்கான பத்தி கட்டாயம் இருக்கும். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியைப் பார்க்காதீர்கள்; அங்கே எல்லாமே சின்னதாகத் தெரியும்.

இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான இனிப்பு பிஸ்கட், கேக், சிப்ஸ், குளிர்பானம், சர்க்கரை போட்ட பாக்கெட் ஜூஸ் எல்லாம் கழிந்துவிடும். கடலை மிட்டாயும் கழியும். பலருக்கு இது மனசுக்கு ஒப்பாது. வெல்லமும் சர்க்கரைதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு கடலையின் புரதமும் வருகிறது. 20 கிராம் துண்டு, வாரம் இரண்டு நாள் என்று தனி வரியாக எழுதி அனுமதிப்பது நியாயம் என்பது எங்கள் எண்ணம்.

லேபிள் இல்லாத பண்டத்துக்கு எடையும் நாளும் எழுதுங்கள். சுண்டல் கப் 60 கிராமுக்குக் குறையக் கூடாது. டீ, பாலில் தம்ளருக்குச் சர்க்கரை இரண்டு சின்னக் கரண்டிக்கு மேல் கூடாது. பொரித்தது வாரம் ஒரே நாள். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது சேரும் கெட்ட பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அதை அளக்கும் கருவி பள்ளியில் இருக்காது. ஆனால் எண்ணெய் வாங்கிய ரசீது இருக்கும். மாதம் முழுக்க வடை போட்டும் ரசீதில் மூன்று லிட்டர்தான் என்றால் கேள்வி கேட்க அதுவே போதும். சூடேறும் முன்பே புகைவது, நுரை அடங்காமல் நிற்பது, பிசுபிசுப்பது மூன்றும் கொட்ட வேண்டிய எண்ணெயின் அடையாளம். கேன்டீன்காரரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தன்றே பார்த்துவிடுங்கள்.

பலகையும் தண்ணீரும்

பண்டங்களில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் சர்க்கரைப் பலகையை சிபிஎஸ்இ 2025 மே மாதமும், அதே போன்ற எண்ணெய்ப் பலகையை ஜூலையிலும் வைக்கச் சொன்னது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் அங்கே இது கடமை. கடலூரில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிக்கு விருப்பம். பலகை மட்டும் பிள்ளையின் வாங்கும் பழக்கத்தை மாற்றாது. கேன்டீன் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், '200 மில்லி பாட்டில் = 4 சின்னக் கரண்டி சர்க்கரை' என்று கரண்டிக் கணக்கில் எழுதினால் ஓரளவு பயன்படும்.

டிபன் டப்பா விதி போடும் பள்ளிகள் ஒன்றை யோசிக்க வேண்டும். "பிஸ்கட் கொண்டுவரக் கூடாது" என்றால் விடியலில் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைதான் வெறும் டப்பாவோடு நிற்கும். முட்டையோ மீனோ கொண்டுவரும் பிள்ளையைத் தனியே உட்கார வைப்பதைச் சத்து விதி என்று யாரும் சொல்லக் கூடாது.

தண்ணீருக்கு மட்டும் பலகையைவிட முன்னுரிமை கொடுங்கள். ஜெர்மனியின் டோர்ட்முண்ட், எஸன் நகரங்களில் தொடக்கப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய் வைத்து, கூடவே சில பாடங்களும் நடத்தினார்கள். பிள்ளைகள் நாளுக்கு ஒரு தம்ளருக்கு மேல் கூடுதலாகத் தண்ணீர் குடித்தார்கள். அதிக எடைக்கு ஆளாகும் வாய்ப்பு 31 சதவீதம் குறைந்தது. எடையில் பலன் காட்டிய சொற்ப முயற்சிகளில் இது ஒன்று. கடலோரத்தில் போர் தண்ணீர் கரிக்கும் பள்ளிகளில் பிள்ளை குளிர்பானம் தேடுவதற்கு அந்தக் கரிப்பும் ஒரு காரணம். வடிகட்டி வைத்தால் மட்டும் போதாது. வடிகட்டியின் உள்பாகத்தை மாற்றிய தேதியைக் குழாய்க்கு மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

எந்தப் பள்ளிக்கு எது

அரசுத் தொடக்கப் பள்ளி: நான்கு எண்ணைத் தராசில் பாருங்கள், விளையாட்டை முன்னால் மாற்றுங்கள், தண்ணீர். முதல் ஆண்டுக்கு இது போதும்.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி: சுண்டல் இரண்டு நாள், தண்ணீர். அது மூன்று மாதம் தடையில்லாமல் ஓடிய பிறகு வியாபாரிகளோடு பேச்சு, அதன் பிறகு நியமன அலுவலருக்கு மனு. புதுச்சேரியில் வண்டி வரும் நேரமும் சூடும் எழுதும் நோட்டு கூடுதலாக.

கேன்டீன் உள்ள தனியார் பள்ளி: ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்துக்கு 60 நாள் முன்பே எண்களோடு வரைவு தயாராக இருக்க வேண்டும். நடுவில் மாற்றச் சொன்னால் கேன்டீன்காரர் கட்டிய முன்பணத்தைக் காட்டுவார்.

மூன்றுக்கும் பொதுவாக இரண்டு வாளியும் ஒரு தராசும் வேண்டும். மிச்சச் சோறு கொட்டும் தொட்டிக்குப் பதிலாக இரண்டு வாளி வையுங்கள்: ஒன்று சோற்றுக்கு, ஒன்று காய், கீரைக்கு. எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் தினமும் எடைபோட்டு, அன்றைய மெனுவையும் சாப்பிட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். மாற்றிய பிறகு ஆறாவது வாரம் அதே ஐந்து நாள் மறுபடி நிறுங்கள். அமெரிக்காவில் 2012இல் புதிய விதி வந்தபோது பிள்ளைகள் உண்ட காய்கறி 16 சதவீதம் கூடியதைத் தட்டு மிச்சத்தை நிறுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். வாங்கிய காயில் பாதிக்கு மேல் அப்போதும் குப்பைக்குப் போனதும் அதே தராசில்தான் தெரிந்தது. கேன்டீனுக்கு இதே கணக்கைக் குப்பைக் கூடையின் காலிப் பாக்கெட்டை எண்ணிச் செய்யலாம், வெள்ளிக்கிழமை மாலை, துப்புரவுப் பணியாளர் வரும் முன்.